குதிரையைப் பார்க்காமல் நட்ட மரம்

விவசாயத் திணைக்களத்தில் இப்போது "விவசாய வனவியல்" என்றொரு சொல் புழங்குகிறதாம். அதற்குத் தனிப் பிரிவு, தனி அலுவலர், சுவரில் வண்ணப் படம் எல்லாம் உண்டு என்று, போன கிழமை என்னைத் தேடி வந்த இரண்டு இளம் விவசாயப் போதனாசிரியர்கள் சொன்னார்கள். "எந்த மண்ணுக்கு, எந்தக் காலநிலைக்கு எந்த மரம்?" என்ற தலைப்பில் நான் அவர்களுடைய கூட்டத்தில் பேச வேண்டுமாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1956இல் அந்தச் சொல் கிடையாது. வேலிக்கு என்ன நடலாம் என்று பயிர் செய்கிற கமக்காரர் கேட்பார்கள். நாங்கள் சொல்லுவோம். அவர்கள் தங்களுக்குச் சரியென்று பட்டதை நடுவார்கள். நெடுந்தீவுக் குதிரைகளை விட்டுவிட்டு அந்தத் தலைப்பில் என்னால் பேச முடியாது. அவற்றைப் பற்றி மேடையில் பேசினால் எனக்கு வயது போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்குப் பயிற்சி தந்தது மலைநாட்டில். தேயிலைக்கு நிழல் மரம், முருக்க மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, தென்னைக்குக் கீழே கோப்பி என்று எல்லாம் அடுக்கடுக்காக வளர்கிற பூமி அது. ஊன்றுகோலை மறந்து குத்திவிட்டு வந்தால் அடுத்த முறை போகும்போது அது தளிர்த்து நிற்கும். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசுவதில் நான் நல்ல தேர்ச்சி பெற்றேன். பயிற்சி முடிந்ததும் அட்டையும் இல்லாத, நிழலும் இல்லாத, மழையும் அநேகமாக இல்லாத யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்கு என்னை அனுப்பினார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரி நவரத்தினம் ஐயா. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். ஆனால் பிறக்கும்போதே மேலதிகாரியாகப் பிறந்தவர் போலிருப்பார். கடலில் லோஞ்சில் போகும்போதும் தொப்பி கழற்ற மாட்டார். முழங்கால்வரை காலுறை. தோளில் ஒரு பன்பை. அதற்குள் ஒரு கரண்டி, தண்ணீர்ப் போத்தல், நாலைந்து தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம். யாரையும் அவர் ஏசியதில்லை, மெச்சியதுமில்லை. எதைச் சொன்னாலும் "அப்படியோ?" என்பார். அந்த "அப்படியோ"வுக்கு எத்தனை அர்த்தம் என்று கண்டுபிடிப்பதிலேயே என் உத்தியோகத்தின் முதல் வருடங்கள் போயின.

அவர் ஒரு காணியைப் பார்க்கும் முறை இப்படி. முதலில் காற்று: நிற்கிற மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, எந்தப் பக்கத்து இலை கருகியிருக்கிறது என்று சுற்றி வந்து பார்ப்பார். பிறகு அலவாங்கால் குழி தோண்டுவிப்பார். கல்லில் முட்டுகிற சத்தம் கேட்டதும் குனிந்து ஆழத்தைச் சாணால் அளப்பார். அதன் பின் ஒரு கரண்டி மண்ணெடுத்து அதில் தேசிக்காய்ப் புளி பிழிவார். நுரைத்தால் சுண்ணாம்பு மண். கடைசியாக இன்னொரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பார். பார்த்துவிட்டு, வாய் கொப்பளிக்க முதல், பக்கத்தில் நிற்பவரிடமும் கரண்டியை நீட்டுவார். தீவுப்பகுதியில் நான் தின்னாத மண் கிடையாது.

இவ்வளவு பார்க்கிற மனிதருக்குத்தான் கொழும்பிலிருந்து மிளகுக் கட்டளை வந்தது. நாடு முழுவதும் எல்லாப் பகுதியிலும் மிளகு நடவேண்டும், முருக்கில் ஏற்றவேண்டும், நிழல் கூடினால் முருக்கின் கொப்புகளை வெட்டி வெளிச்சம் விடவேண்டும். எங்கள் கந்தோர் இருந்த வேலணைத் தீவில் வெளிச்சத்துக்குக் குறையில்லை. கன்றுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. நவரத்தினம் ஐயா மண்ணை நக்கிப் பார்த்தார். "இது சாகும்" என்றார்.

"அப்ப திருப்பி அனுப்புவமோ, ஐயா?"

"கட்டளை நடச் சொல்லியிருக்குது. உயிரோடை வைச்சிருக்க ஏலாது எண்டு அவைக்குத் தெரியாது. நட்டுத்தான் காட்டவேணும்."

நட்டோம். முருக்கு நிழல் தர வருடங்கள் பிடிக்கும் என்பதால் மிளகுக்குப் பனையோலையால் கொட்டில் போட்டுக் கொடுத்தோம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கு நாலு பக்கமும் மறைத்தோம். யாழ்ப்பாணம் முழுவதிலும் கூரையின் கீழ் வாழ்ந்த ஒரே மிளகு அதுவாகத்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் போனபோது கொட்டிலிலிருந்து புகை வந்தது. காணிக்காரர் ஓடி வந்து வரவேற்றார்.

"மிளகு செத்துப்போச்சுது, ஐயா. ஆனால் சமைக்கக் குசினி நல்லாயிருக்குது. காத்து உள்ளுக்கு வராது. இன்னும் ரெண்டு பேருக்கு இப்பிடி மிளகு நட விருப்பமாம்."

அதற்குப் பிறகு கொழும்பு எங்களை நீண்ட காலம் மறந்திருந்தது. அந்தக் காலத்தில்தான் உருப்படியாக வேலை செய்தோம். வேலணையில் புகையிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பூவரசும் வாதநாராயணியும் நடுவித்தோம். அவற்றின் இலைக்குழையை வெட்டிப் பசளையாக மண்ணுக்குள் தாழ்த்தினார்கள். மடத்துவெளியில் உப்பேறிய வயல் கரைகளுக்குப் பூவரசு பிடித்தது. எழுவைதீவு மணலில் காற்றுத் தடுப்புக்குச் சவுக்கு வைத்தோம். "இது வள்ளத்துக்குத் தடியாகுமோ?" என்று மீன்பிடிகாரர் கேட்டார்கள். ஆகும் என்றேன். ஆன கையோடு வெட்டினார்கள். பிறகு தாங்களே திரும்ப நட்டார்கள். ஒரே மாவட்டம், ஒரே கடல், ஆனால் தீவுக்குத் தீவு மரம் மாறும் என்பதைத்தான் அந்த வருடங்களில் படித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் இப்பிலிப்பில் என்றொரு மரம் வந்தது. புளியிலை போன்ற சின்ன இலை, தட்டையான காய். மாட்டுக்குத் தீன், மண்ணுக்குப் பசளை, அடுப்புக்கு விறகு, வெட்டினால் மறுபடியும் தழைக்கும் என்று அதைப் பற்றிப் பேசாத அதிகாரி இல்லை. எங்களுக்கு மிளகு நினைவு வந்தது. ஆனால் நவரத்தினம் ஐயா கிடைத்த துண்டுப்பிரசுரத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சுண்ணாம்பு மண்ணிலை வளருமாம். நெடுந்தீவுக்குப் போவம்" என்றார்.

நெடுந்தீவு என்றால் முருகைக்கல், கடலில் விளைந்த பவளப்பாறை. கல்லின் மேல் ஒரு சாண் மண். வளவுகளுக்கு வேலி கிடையாது. முருகைக்கல்லை அடுக்கிய மதில்தான். அந்த மதில்களுக்கு வெளியே, ஒல்லாந்தர் காலத்தில் விட்டுப்போனவை என்று சொல்லப்படும் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரியும். நாங்கள் அவற்றைக் கண்டோம். அழகாயிருக்கின்றன என்று கூடச் சொன்னேன். அவ்வளவுதான்.

பாக்கியம் அக்காவின் வளவுக்கு வெளியேதான் ஐயா தன் பரிசோதனையைத் தொடங்கினார். பாக்கியம் அக்கா எட்டுப் பத்து மாடு வைத்துப் பிழைத்தவர், விதவை. குழி தோண்டி, தேசிக்காய் வெட்டி, ஐயா பிழிவதை மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார்.

"ஐயா, என்ரை வளவையும் ஒருக்கால் கழிச்சு விடுங்கோவன். மாடு எல்லாம் பால் வத்திப்போய்க் கிடக்குது."

அது செய்வினை கழிப்பு இல்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஐயா என்னைக் கையால் மறித்துவிட்டு, இரண்டாவது தேசிக்காயோடு அவருடைய வளவுக்குள் போனார். மண் பால் பொங்குவது போல் நுரைத்தது.

"சுண்ணாம்பு கூடிப்போச்சுது" என்றார் ஐயா.

"ஆர் செய்தது?" என்று பாக்கியம் அக்கா பதறினார்.

ஐயா யோசித்துப் பார்த்து, "கடல்" என்றார்.

அந்தப் பதில் அக்காவுக்குத் திருப்தியாக இருந்தது. என்ன பரிகாரம் என்று கேட்டார். இப்பிலிப்பில் என்றோம். கொதித்து இறக்கிய தண்ணீரில் விதையைப் போட்டு, இரவு முழுக்க ஊற விட்டு, முளைக்க வைத்து, மாரி தொடங்க அவருடைய மதிலின் வெளிப்பக்கமாகவும் பக்கத்துக் காணிகளிலும் வரிசையாக நட்டோம். நான் அதுவரை நட்ட எதுவும் அப்படி வளர்ந்ததில்லை. கல்லுக்குள் வேரை விட்டுக்கொண்டு போனது. கோடையில் தீவு முழுவதும் காய்ந்து கிடக்க, அந்த வரிசை மட்டும் பச்சையாய் நின்றது. பாக்கியம் அக்கா வைக்கோலோடு குழையைக் கலந்து போட்டார். மாடுகள் பால் கறந்தன. எங்களுக்கு ஒரு செம்பு பால் தந்து, குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார். நவரத்தினம் ஐயா சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

அந்தக் கோடை முடிவதற்குள் சவிரிமுத்துவைப் பொலிஸ் பிடித்தது.

சவிரிமுத்து நெடுந்தீவில் குதிரை பிடிக்கத் தெரிந்த மனிதர். யாருக்காவது சுமை இழுக்கக் குதிரை வேண்டுமென்றால் கயிற்றோடு போய்ப் பிடித்துப் பழக்கிக் கொடுப்பார். மற்ற நேரம் குதிரை மயிரில் கண்ணி செய்து கௌதாரி பிடிப்பார். அந்தக் கோடையில் குதிரைகளின் வால் மயிர் காணாமற்போகத் தொடங்கியது. பிடரி மயிரும் போனது. எலி வால் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு அவை ஈ விரட்டப் பார்த்தன. நெடுந்தீவின் பெருமையை எவனோ மொட்டையடிக்கிறான் என்று முறைப்பாடு போனது. யாழ்ப்பாணக் கரையிலிருந்து ஒரு பொலிஸ் சார்ஜன் வந்தார். சவிரிமுத்து வீட்டில் ஒரு கட்டுக் குதிரை மயிர் இருந்தது. வேறென்ன வேண்டும்?

"நான் வெட்டேல்லை, ஐயா" என்று பிணையில் வந்த சவிரிமுத்து என்னிடம் சொன்னார். "முள்ளுப் பத்தையிலை கொழுவிக் கிடந்ததைப் பொறுக்கினனான். இந்த முறை கனக்கக் கிடந்துது. கர்த்தர் தாறார் எண்டு நினைச்சிட்டன்."

அவருடைய மகள் றீற்றாவுக்கு எழுவைதீவில் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். வால் வெட்டி வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை பகுதி சொல்லியனுப்பிவிட்டது. அதைச் சொல்லும்போது அந்த மனிதர் தன் கைகளை விரித்து, தான் வெட்டியிருக்கக் கூடுமோ என்று தனக்கே சந்தேகம் வந்தவர் போல் பார்த்துக்கொண்டு நின்றார்.

தீவின் தெற்குப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது அங்கே நின்ற குதிரைகளுக்கு வால் முழுசாக இருப்பதைக் கண்டேன். களவெடுப்பவன் ஒரு பக்கத்துக் குதிரையை மட்டும் ஏன் வெட்டவேண்டும்? திரும்பி வரும் வழியில் பாக்கியம் அக்காவின் மதிலடியில் நாலு மொட்டைக் குதிரைகள் வரிசையாக நின்று எங்கள் மரத்தைத் தின்றுகொண்டிருந்தன. அவை போட்ட சாணத்தில் இப்பிலிப்பில் விதை முளைத்திருந்தது.

மயிரை உதிர்ப்பது எங்கள் மரம்தானோ என்று நவரத்தினம் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு இன்னும் ஒரு பதவி உயர்வு மிச்சமிருந்தது. அந்த மரத்தை நம்பித்தான் இருந்தது. ஆனாலும் அவர், "குதிரை ரெண்டு வேணும். ஒண்டுக்குக் குழை, மற்றதுக்கு வைக்கல். ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார்.

நீதிமன்றத்துக்கு அவர் கோட் போட்டுக்கொண்டு போனார். நீதவான் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார்.

"உம்முடைய மரத்தின் மீது நீரே குற்றம் சாட்டுகிறீரா?"

"குற்றம் சாட்டேல்லை, ஐயா. சந்தேகப்படுறன்."

"இதை எப்படி நிரூபிப்பீர்?"

"குதிரைக்குக் குடுத்துப் பார்க்கவேணும். சில கிழமை செல்லும்."

அப்படியாக அந்த வழக்கு ஒரு குதிரையின் வால் உதிரும்வரை ஒத்திவைக்கப்பட்டது. குதிரைகளைப் பழைய கோட்டையின் இடிந்த சுவர்களுக்குள் கட்டுவதென்றும், யாரும் மயிரைத் தொடாதபடி பொலிஸ் காவல் இருக்க வேண்டுமென்றும் கட்டளையாயிற்று.

முதல் சிக்கல், குதிரைகளைப் பிடிப்பது. தீவில் அதற்குச் சவிரிமுத்துவை விட்டால் ஆளில்லை. குற்றம் சாட்டப்பட்ட எதிரியே சான்றுப் பொருளைப் பிடித்துக் கொடுப்பதாவது என்று சார்ஜன் மறுத்தார். கடைசியில் கயிற்றின் ஒரு நுனியைத் தானும் பிடிப்பது என்ற நிபந்தனையில் சம்மதித்தார். சவிரிமுத்து சுருக்கை எறிந்துவிட்டு, "விடுங்கோ!" என்று கத்தினார். எதிரியின் சொல்லைச் சார்ஜன் கேட்பாரா? கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார். குதிரை அவரைத் தீவின் நடுப்பகுதிவரை கூட்டிக்கொண்டு போனது.

இரண்டாவது சிக்கல் பாக்கியம் அக்கா. வைக்கோல் அவரிடம்தான் இருந்தது.

"தரமாட்டன், தம்பி" என்றார் என்னிடம். "குதிரை மொட்டையானது மரத்தாலை எண்டு தெரிஞ்சால் மரத்தை வெட்டச் சொல்லுவினம். குதிரைக்கு மயிர் முக்கியமோ, என்ரை மாட்டுக்குத் தீன் முக்கியமோ? குதிரை மொட்டையாய்த் திரிஞ்சால் ஆருக்கு என்ன?"

"றீற்றான்ரை கலியாணம் நிண்டு போச்சுது, அக்கா."

அவர் மாடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பெட்டை பிறக்கேக்கை நான்தான் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான்" என்றார். வைக்கோலைத் தானே சுமந்துகொண்டு கோட்டைக்கு வந்து போட்டார். சார்ஜனையும் ஐயாவையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ஓய்வு பெறும் வயதிலிருந்த ஒரு சாது. இரண்டு வால்களுக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். சவிரிமுத்து ஒவ்வொரு நாளும் காலையில் வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடி, வைத்தியசாலையில் நோயாளியை விசாரிப்பது போல் கேட்பார்:

"இண்டைக்கு எப்பிடி?"

"அப்பிடியேதான் கிடக்குது" என்பார் பொலிஸ்காரர் துக்கத்தோடு.

நவரத்தினம் ஐயா வாரம் தவறாமல் லோஞ்சில் வந்து, தொப்பியோடு வாலின் முன்னால் குனிந்து, மயிரை மெதுவாக இழுத்துப் பார்ப்பார். குதிரை உதைக்கும். "இன்னும் இல்லை" என்பார். தன் மரம் தோற்க வேண்டுமென்று ஒரு மனிதர் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒருநாள் காலையில் நாங்கள் போய் இறங்கியபோது பொலிஸ்காரர் துறைமுகத்துக்கே ஓடி வந்தார். "விழுந்திட்டுது! விழுந்திட்டுது!" என்று அவர் கத்தியதைக் கேட்டு, யாரோ கிணற்றில் விழுந்துவிட்டதாக எண்ணிச் சனமும் ஓடி வந்தது. குழை தின்ற குதிரையின் வால் மயிர் ஐயாவின் கையோடு வந்தது. சவிரிமுத்து வாசலில் முழங்காலில் நின்று சிலுவை போட்டார்.

ஆனால் மற்றக் குதிரைக்கும் உதிரத் தொடங்கியிருந்தது.

நீதிமன்றத்தில் சார்ஜன் எழுந்து நின்றார். "ஐயா, குழை தின்றதற்கும் உரோமம் போயிருக்கிறது, வைக்கோல் தின்றதற்கும் போயிருக்கிறது. ஆகவே குழையில் பிழையில்லை. கோட்டைக்குள்ளும் களவு நடந்திருக்கிறது."

நவரத்தினம் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீதவான் காவலில் இருந்தவரைக் கூப்பிட்டார். கோட்டைக்குள் யாராவது வந்தார்களா என்று கேட்டார்.

"ஒருத்தரும் வரேல்லை, ஐயா."

"அப்படியானால் இரண்டாவது குதிரைக்கு எப்படி உதிர்ந்தது?"

பொலிஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். "அது பாவமாய்க் கிடந்துது, ஐயா. பக்கத்திலை ஒண்டு பச்சைக் குழை தின்ன, இது காய்ஞ்ச வைக்கலைப் பார்த்துக்கொண்டு நிண்டுது. எனக்கு மனம் கேக்கேல்லை. பின்னேரத்திலை கொஞ்சம் குடுத்தனான்."

"எவ்வளவு?"

"கேட்ட அளவு."

நீதிமன்றத்தில் முதலில் சிரித்தவர் நீதவான்தான். சிரித்து முடித்ததும் சவிரிமுத்துவை விடுதலை செய்தார். முள்ளில் கொழுவியதையும் நிலத்தில் விழுந்ததையும் பொறுக்குவது களவாகாது என்று எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னார். வெளியே வந்ததும் நவரத்தினம் ஐயா போட்டிருந்த கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"மண்ணைப் பார்த்தம், காத்தைப் பார்த்தம், மழையைப் பார்த்தம். ஆர் தின்னும் எண்டு பார்க்கேல்லை. இனிமேல் அதையும் பாரும்."

மரங்களை வெட்ட அவர் சம்மதிக்கவில்லை. குதிரை கழுத்தை நீட்டினாலும் எட்டாத உயரத்துக்கு முருகைக்கல் மதிலை எழுப்பி, மரத்தை உள்ளே வைத்து, குழையை வெட்டி மாட்டுக்கு மட்டும், அதுவும் வைக்கோலோடு கலந்து போடவேண்டும் என்று தீர்மானித்தோம். குதிரையின் கழுத்து எவ்வளவு நீளும் என்பதைச் சவிரிமுத்துதான் அளந்து தந்தார். கல்லடுக்கியதும் அவரே. கூலிக்குப் பதிலாகப் பாக்கியம் அக்கா கலியாண வீட்டுக்கு வேண்டிய பால் முழுவதையும் கொடுத்தார். றீற்றா வள்ளத்தில் எழுவைதீவுக்குப் போன நாளில், வாலில் ஒரு விரல் நீளத்துக்குப் புது மயிரோடு இரண்டு குதிரைகள் கரையில் நின்றன.

நவரத்தினம் ஐயாவுக்கு அந்தப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

இப்போது கூட்டத்துக்கு உதவக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, எண்பதுகளின் தொடக்கத்தில், சவிரிமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என்னைத் தேடி, வேலணையில் நான் வேலை செய்த கந்தோருக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தார்.

"ஐயா, எனக்கும் இப்பிலிப்பில் கன்று கொஞ்சம் வேணும்."

"மாடு வாங்கிட்டீரோ?"

"இல்லை."

"ஆடு?"

"இல்லை, ஐயா."

"அப்ப என்னத்துக்கு?"

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். "பொறுக்கினால் களவில்லை எண்டு கோட்டிலை நீதவான் சொன்னவர். யாழ்ப்பாணத்திலை வெள்ளை அடிக்கிற தூரிகை செய்யிற ஆள் ஒருத்தர், குதிரை மயிர் எவ்வளவு எண்டாலும் எடுக்கிறாராம். என்ரை காணி நல்ல சுண்ணாம்பு. காத்து அவ்வளவு படாது. அந்த மரம் மழை இல்லாட்டியும் நிக்கும். குதிரையளும் அந்தப் பக்கத்தாலைதான் தண்ணிக்குப் போறது."

"குதிரை எட்டாத மதிலுக்குள்ளைதான் இந்த மரம் வைக்கலாம். அது சட்டம் மாதிரி. உம்முடைய காணிக்கு மதில் இருக்குதோ?"

"இருக்குது, ஐயா. ஆனால் ஒரு பக்கம் விழுந்திட்டுது."

"எப்ப விழுந்தது?"

"நாளைக்கு."

நான் கன்று கொடுக்கவில்லை. ஆனால் அவரை வாசல் படலைவரை கூட்டிக்கொண்டு போய் வழியனுப்பினேன். அத்தனை வருட உத்தியோகத்தில் மண், காற்று, மழை, மிருகம், சந்தை ஐந்தையும் பொருத்திப் பார்த்துவிட்டு என்னிடம் மரம் கேட்டு வந்த ஒரேயொரு மனிதர் அவர்தான்.